நிலைக்கால் அரித்த கரையான், பலகை உளுத்த வண்டு

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கரையான் வேலை முடிந்து இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. பின்கட்டு நிலைக்கால், நடுச்சுவர், தறிக்குழி (நெய்கிறவர் காலை விட்டு மிதிக்கும் குழி) மூன்றும் சுத்தமாக இருக்கின்றன. பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவரில் மட்டும் கணக்கு இன்னும் தீரவில்லை. எதை எந்த வரிசையில் செய்தோம், எவ்வளவு செலவானது, எது பலிக்கவில்லை என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். கரையான் மருந்து பற்றி யாரைக் கேட்டாலும் சுவரைப் பற்றிச் சொல்வார்கள், கதவைப் பற்றிச் சொல்வார்கள். தறிக்குழியை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. தறி உள்ள வீட்டுக்காரர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வீடு செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டியது. மேலே ஓடு, கீழே சிவப்புக் காவித் தரை. முன்கட்டில் இரண்டு குழித்தறிகள். அப்பா வெண்பட்டு வேட்டி நெய்கிறார். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த வேட்டியில் விரல் அகலத்துக்கு மண்கறை பட்டாலும் விலை போகாது. கரையான் பட்டு இழையைத் தின்பதில்லை. மரம், காகிதம், பருத்தி இவற்றில் உள்ள செல்லுலோஸ்தான் அதற்கு உணவு, பட்டு புரதம். ஆனாலும் மரத்தைத் தேடிப் போகிற வழியில் பாவின் (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்) மேல் மண்ணைப் பூசிக்கொண்டே போய்விடும். எங்களுக்கு நஷ்டம் அந்த வழியில்தான் வந்தது.

முந்தின வருடம் ஆள் வைத்து மருந்து அடித்திருந்தோம். வந்தவர் சுவர் ஓரமாக ஒரு மணி நேரம் தெளித்துவிட்டுப் போனார். மண்குழாய்கள் உதிர்ந்தன, எல்லோருக்கும் திருப்தி. ஆடி மழை பெய்ததும் பழைய இடத்திலிருந்து மூன்று அடி தள்ளிப் புதுக் குழாய் ஏறியது. வெளியே நடமாடிய வேலைக்காரக் கரையான்கள் மட்டுமே செத்திருந்தன. கூடு எங்கோ மண்ணுக்கடியில் பத்திரமாக இருந்தது. அம்மா மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார். அதற்கும் அதே முடிவுதான், கூடுதலாக வீடு முழுக்க வாடை.

இந்த முறை மருந்து வாங்கும் முன் வீடு முழுக்க டார்ச்சும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு தேடினோம். எங்கள் பக்கம் மரத்தில் என்ன வந்தாலும் "செல்லு புடிச்சிருச்சு" என்று சொல்லிவிடுவோம். உண்மையில் வீட்டுக்குள் இருந்தது இரண்டு வேறு பூச்சிகள். சுவரிலும் மரத்திலும் பென்சில் தடிமனில் மண்குழாய் ஓடினால் அது மண்ணிலிருந்து வரும் கரையான். குழாய் எதுவும் இல்லாமல், மரத்துக்குக் கீழே கசகசா அளவில் சின்னச் சின்ன மணிகள் குவிந்திருந்தால் அது உலர்மரக் கரையான். மண்ணோடு அதற்குச் சம்பந்தமே இல்லை, மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். மணியும் இல்லாமல் நைசான மாவு கொட்டி, மரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு வட்டத் துளைகள் இருந்தால் அது உளு. அதாவது மரத்தூள் வண்டு. எங்கள் நிலைக்காலிலும் நடுச்சுவரிலும் இருந்தது முதலாவது. அப்பா உட்காரும் மாம்பலகைக்குக் கீழே கொட்டியது மூன்றாவது. தரையில் எத்தனை லிட்டர் மருந்து இறக்கினாலும் அந்தப் பலகை வண்டை அது தொடாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் போயிருந்தால் மறுபடியும் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

மண்குழாயில் இப்போது நடமாட்டம் இருக்கிறதா, பழசா என்று தெரிந்துகொள்ள ஒரு அங்குலம் மட்டும் சுரண்டிவிட்டு, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினோம். உயிருள்ள குழாய் என்றால் ஓரிரு நாளில் ஈர மண்ணால் அடைத்துவிடும். வீட்டில் இருந்த குழாய்களில் பாதிக்கு மேல் செத்தவை. உயிரோடு இருந்தவை பின்சுவரிலும் நடுச்சுவரிலும், ஒரு தறியின் இரண்டு கால்களிலும். நிலைக்காலைத் திருப்புளிக் கைப்பிடியால் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டே போனேன். தரையிலிருந்து 14 அங்குலம் வரை டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம், அதற்கு மேல் கெட்டி. மேலே அடித்த பெயிண்ட் மட்டும் முழுசாக நின்றது.

உயிருள்ள குழாய்கள் எல்லாம் பின்சுவரை நோக்கியே கூடின. அந்தச் சுவருக்கு வெளியே நூல் அலசும் தொட்டி. அதன் வெளியேற்றுக் குழாய் இணைப்பில் கசிவு. தண்ணீர் சுவரடியிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. செம்மண் அந்த இடத்தில் எப்போதும் ஈரமாக இருக்கும். பிளம்பர் வந்து இணைப்பை மாற்றி, தண்ணீரைச் சுவரிலிருந்து நாலடி தள்ளி விழும்படி குழாயை நீட்டினார். ₹350. மொத்த வேலையில் குறைந்த செலவுகளில் இதுவும் ஒன்று, என் கணக்கில் மிக முக்கியமானது இதுதான். சுவரடி காயும்வரை மருந்து வேலையைத் தள்ளி வைத்தோம். நீர் ஊறிய மண்ணில் மருந்து இறங்காது.

அதே சமயம் சுவரை ஒட்டி வைத்திருந்ததையெல்லாம் எடுத்தோம். ஆன்லைனில் வாங்கிய சாமான்களின் அட்டைப்பெட்டிகள், பழைய கூலிக் கணக்கு நோட்டுகள், தரையோடு நின்ற மர அலமாரி. அட்டைப்பெட்டியை அடியில் கரையான் தேன்கூட்டுத் துளைகளாகத் தின்று வைத்திருந்தது. இப்போது நோட்டுகள் இரும்பு ரேக்கில். ரேக்குக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி.

மருந்தில் இரண்டு வழி இருந்தது. குளோர்பைரிபாஸ் 20 சதவீதம் கிடைக்கும். 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதக் கரைசல். விலை குறைவு, வாடை அதிகம், மனிதர் நரம்பையும் தாக்கும் வகை. இன்னொன்று இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம், லிட்டருக்கு 2.1 மில்லி போதும். வாடை இல்லை. அதைவிட முக்கியம், மருந்து இருப்பது கரையானுக்குத் தெரியாது. நடந்து போகும், ஒன்றையொன்று தொடும், மெதுவாகச் சாகும். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். 250 மில்லி ₹650. நாள் முழுக்க ஆள் உட்காரும் வீட்டில் வாடை மருந்து எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

தறிக்குழிக்குள்ளோ அதைச் சுற்றியோ எந்தத் திரவ மருந்தும் இறக்குவதில்லை என்பது முதலிலேயே எடுத்த முடிவு. அந்தக் குழிக்குள் அப்பா காலைத் தொங்கப்போட்டு மிதிகட்டை மிதிக்கிறார், பெரும்பாலும் வெறுங்காலோடு. மண்ணில் ஊறிய மருந்து அந்த ஈரத்தோடு தோலில் படும். அதனால் நடுச்சுவரைப் பின்கட்டுப் பக்கமிருந்து மட்டும் துளைத்தோம். பின்பக்க மூலையில் கிணறு இருக்கிறது. அந்த மூலைச் சுவரையும் விட்டுவிட்டோம்.

துளை வேலை. ஹேமர் டிரில் ஒரு நாள் வாடகை ₹400. 12 மில்லிமீட்டர் மேசன் பிட் (சுவர் துளைக்கும் ஊசி), நீளமானது, ₹180, செவ்வாய்ப்பேட்டையில் வாங்கியது. சுவரும் தரையும் சேரும் மூலையில் அடிக்கு ஒரு துளை, துளைக்கு 1 லிட்டர் என்பது கட்டின வீட்டுக்கான நடைமுறை. நடுச்சுவர் 14 அடி. பின்சுவரில் வாசலையும் கிணற்று மூலையையும் கழித்து 13. வாசலின் இரு பக்கமும் கூடுதலாக இரண்டிரண்டு. ஆக 31 துளை, 31 லிட்டர், மருந்து 65 மில்லி. துளைக்கும் முன் தண்ணீர்க் குழாய் தரைக்கடியில் எங்கே ஓடுகிறது என்று அம்மா நினைவிலிருந்து சொன்னதைச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டோம்.

காவித் தரையில் நேரடியாக ஹேமர் வைத்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். முதல் இரண்டு துளையில் அப்படித்தான் ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயர்ந்தது. பிறகு துளையிடும் இடத்தில் பிளாஸ்டர் டேப் ஒட்டி, டிரில்லின் இடிக்கும் இயக்கத்தை (ஹேமர்) நிறுத்தி வெறும் சுழற்சியில் மேல்காரையைத் தாண்டிய பின் அதை மறுபடி இயக்கினேன். சுத்தமாக வந்தது. பிட்டைச் செங்குத்தாக வைக்காமல் சுவரடியை நோக்கிக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். எவ்வளவு ஆழம் போவது என்பதை அளவுகோலைவிடத் தூசியே நன்றாகச் சொல்லும். முதலில் சிவப்புப் பொடி, பிறகு சாம்பல் நிறச் சுண்ணாம்பு, அப்புறம் கைக்குச் சட்டென்று எதிர்ப்புக் குறைந்து ஈரச் செம்மண் ஒட்டிக்கொண்டு வரும். எங்கள் தரையில் அது ஐந்து, ஆறு அங்குலத்தில் வந்தது. மண் வராமல் நிறுத்திய துளையில் மருந்து ஊற்றிப் பயனில்லை, தரைக்குள்ளேயே தேங்கும்.

மருந்து இறக்க விலை அதிகமான பம்ப் எதுவும் வாங்கவில்லை. 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் மூடியில் துளை போட்டு, காலி பால்பாயின்ட் பேனாக் குழாயைச் செருகி, சுற்றி எம்-சீல் பசை ஒட்டினோம். பாட்டிலைத் தலைகீழாகத் துளையில் நிறுத்தி, அடியில் ஊசியால் காற்றுத் துளை குத்தினால் தானாக இறங்கும். அப்படி ஆறு பாட்டில். சில துளைகள் ஒரு லிட்டரை இழுக்க அரை மணி எடுத்தன. வாசல் பக்கத்துத் துளை ஒன்று ஒரே மூச்சில் குடித்துவிட்டது. கீழே எலி வளையோ வெற்றிடமோ இருந்திருக்க வேண்டும். அப்படிக் குடிக்கும் துளையில் மேலும் மேலும் ஊற்றக் கூடாது. மருந்து எங்கே போகிறது என்று தெரியாது. நான் அதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் ஒன்றரை சாண் தள்ளி வேறு துளை போட்டேன்.

கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை மூன்றும் போட்டுத்தான் செய்தோம் (₹150). குழந்தைகளை அன்றும் மறுநாளும் சித்தி வீட்டுக்கு அனுப்பினோம். பாட்டில்களை நசுக்கி, துளைத்துப் போட்டோம், வேறு யாரும் எடுத்துத் தண்ணீர் பிடிக்காதபடி. கைக்குழந்தையோ கர்ப்பிணியோ உள்ள வீடு என்றால் உரிமம் உள்ள ஆளை அழைத்து, இந்த அளவுகளைக் கேட்டு வாங்கிச் செய்வதே சரி. துளைகளை மறுநாள் வெள்ளைச் சிமெண்டில் காவிப் பொடி கலந்து அடைத்தோம். சாதனங்கள் ₹120. காய்ந்ததும் கொஞ்சம் வெளிறியது. தேங்காய் எண்ணெய் தேய்த்ததும் பழைய தரையோடு ஒட்டிப்போனது.

நிலைக்காலை ஆசாரி பார்த்தார். முழு நிலையையும் மாற்ற வேண்டும் என்று சொல்வார் என நினைத்தேன். அவர் கெட்டியான இடத்துக்கு மேலே இரண்டு அங்குலம் விட்டு, அதாவது 16 அங்குலத்தில் அறுத்து, பழைய தேக்கில் வைரம் பாய்ந்த துண்டு ஒன்றைப் பாதிக்குப் பாதி வெட்டிப் பொருத்தி, திருகாணி போட்டார். அந்தத் துண்டும் நேராகத் தரையைத் தொடவில்லை, அடியில் நாலு அங்குலக் கருங்கல். இனி எது ஏறினாலும் அந்தக் கல்லின் மேல் குழாய் கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும், கண்ணில் படும்.

அதே யோசனைதான் கரையான் ஏறிய தறிக்கும். மண்ணில் புதைந்து நின்ற நான்கு மரக்கால்களில் இரண்டின் அடி போய்விட்டிருந்தது. நான்கையுமே அறுத்து, அடியில் 6 அங்குலச் சதுரக் கருங்கல் கால்கள் நட்டு, மேலே மரக்காலை இரும்புப் பட்டையால் பிணைத்தோம். கல் ஒன்று ₹400, நான்குக்கு ₹1,600. ஆசாரி கூலி நிலைக்கும் தறிக்கும் சேர்த்து ₹2,400. இந்த வேலையைப் பாவு முடிந்து துணி அறுத்த பிறகுதான் தொட முடியும். கால்கள் ஒரு விரல் விலகினால் நெசவு கோணும். ஆசாரி ஒவ்வொரு காலாகத்தான் மாற்றினார். நான்கையும் ஒரே நாளில் பிடுங்கிவிட்டு அளவு வைத்து நடலாமே என்று கேட்டதற்கு, "மூணு நிக்கணும் தம்பி, நாலாவதுக்கு அதுதான் மட்டம்" என்றார். ரசமட்டமும் வைத்துப் பார்த்தார், நூலும் கட்டிப் பார்த்தார்.

குழியின் மண்சுவரைச் சிமெண்டால் பூசுவதில்தான் அப்பாவுக்கும் எனக்கும் வாக்குவாதம். மண்குழியின் குளிர்ச்சியில்தான் பாவு இழை அறுந்துபோகாமல் ஓடும், பூசிவிட்டால் சித்திரை வெயிலில் இழை முறியும் என்றார். அவர் சொன்னது சரி. குழித்தறிக்கு அந்த ஈரப்பதம் ஒரு பெரிய பலம். கரையானுக்கும் அதே ஈரம்தான் வேண்டும். கடைசியில் பூசினோம், ஒன்றுக்கு நாலு கலவையில் அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல் கனம். சிமெண்டும் மணலும் ₹620, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ₹1,600. கோடையில் குழிக்குள் ஓர் இரும்பு முக்காலியின் மேல் வாயகன்ற மண்சட்டியில் தண்ணீர் வைத்து, ஈரத்துணியை அதில் ஒரு முனை படும்படி தொங்கவிடுகிறோம். சட்டி தரையைத் தொடாது, துணி சுவரைத் தொடாது. முதல் கோடையில் இழை கொஞ்சம் அதிகமாகவே அறுந்தது. இரண்டாவது துணியும் போட்ட பிறகு அப்பா அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

உளுப் பலகைக்கு வருகிறேன். மாமரம் சேலத்தில் மலிவு, அதனால் உட்காரும் பலகை, சின்னச் சின்னக் கட்டைகள் எல்லாம் மாமரம்தான். அதன் மாவுச்சத்துதான் வண்டுக்குத் தீனி. இதற்கு உரக்கடையில் "போரான் 20 சதவீதம்" என்று இலைத்தெளிப்புக்கு விற்கும் வெள்ளைத் தூள் பயன்பட்டது. அது டைசோடியம் ஆக்டாபோரேட். மரத்துக்கு ஏற்றுவதும் அதே உப்புதான். 1 கிலோ ₹380. லிட்டருக்கு 100 கிராம். குளிர்ந்த நீரில் அடியில் மண்டியது, சூடான நீரில் முழுக்கக் கரைந்தது. எண்ணெய் ஏறிய பலகை கரைசலைக் குடிக்கவே இல்லை. உப்புத்தாள் போட்டு மேல்தோலை நன்றாகத் தேய்த்த பிறகுதான் ஊறியது. ஒரு நாள் இடைவெளியில் இரண்டு பூச்சு, துளைகளுக்குள் ஊசி மருந்துச் சிரிஞ்சால் செலுத்தினோம். மழையில் நனையும் மரத்துக்கு இது ஆகாது, கரைந்து ஓடிவிடும். பலகை காய்ந்ததும் பழைய துளைகளை மெழுகால் அடைத்தேன். இதைச் செய்யாவிட்டால் பிறகு தெரியும் துளை புதிதா பழையதா என்று சொல்லவே முடியாது.

அதன் பிறகும் சில புதுத் துளைகள் வந்தன, கொஞ்சம் மாவும் கொட்டியது. மரத்துக்குள் இருக்கும் புழு வளர்ந்து வெளியே வர மாதக் கணக்கில் ஆகும். உள்ளே இருந்தவை வெளியேறும்போது துளை விழத்தான் செய்யும். அடியில் கறுப்புக் காகிதம் விரித்து வைத்து மாவு குறைகிறதா என்று பார்த்தோம். குறைந்தது, பிறகு நின்றது. ஒரு பலகை மட்டும் விரல் அழுத்தினால் உள்ளே போகும் நிலை. அதை அடுப்புக்குக் கொடுத்துவிட்டோம். வெயிலில் போட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். கட்டையின் நடுவே 55 டிகிரி ஏற வேண்டும், சேலம் வெயிலில் மேல்தோல் சுடும், உள்ளே அவ்வளவு ஏறாது.

எல்லாம் சேர்த்து ₹8,450. இதில் மருந்தும் போரானும் சேர்ந்தே ஆயிரத்துச் சொச்சம்தான். கல்லுக்கும் காரைக்கும் கூலிக்கும் போனதே பெரும்பகுதி, அதைத்தான் நான் நம்புகிறேன். மருந்து சில வருடத்தில் மண்ணில் தேய்ந்துபோகும், கல் தேயாது. அடுத்த முறை என்றால் கல்கால் வேலையை முதலில் முடித்துவிட்டு, அப்புறம் துளை போடுவேன். தறிக்காலைப் பிடுங்கியபோது கிளறிய மண் நடுச்சுவர் வரை அசைந்தது, மருந்து வைத்த மண்ணைக் கலைக்கக் கூடாது.

முதல் பெருமழை முடிந்த மாலையில் ஈசல் கிளம்பியது. ட்யூப்லைட்டைச் சுற்றும் ஈசலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, அது தெருவிலிருந்தும் வரும். எங்கள் வீட்டில் பொதுச்சுவரின் வெடிப்பிலிருந்தே வரிசையாக வெளியே வந்தது. ஒன்றிரண்டைக் காகிதத்தில் வைத்துப் பார்த்தேன். நான்கு இறகும் ஒரே நீளம், உணர்கொம்பு நேராக, இடுப்பு ஒடுங்காமல். சிறகு முளைத்த எறும்பு என்றால் முன்னிறகு நீளமாகவும் இடுப்பு நூலாகவும் இருக்கும், கொம்பு மடங்கியிருக்கும். ஆக, அந்தச் சுவருக்குள் கூட்டம் இருக்கிறது. அந்தச் சுவரை நாங்கள் தொடவே இல்லை, எங்கள் பக்கம் குழாய் எதுவும் தெரியாததால்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "உங்க வீட்ல மருந்து வெச்சதுனாலதானுங்க எங்க பக்கம் ஓடி வருது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் மருந்து விரட்டும் வகை இல்லை என்பதை விளக்கி, அவர் வீட்டுச் சுவரைச் சேர்ந்தே பார்த்தோம். அந்தப் பக்கம் விறகும் பழைய பாவுக் குச்சிகளும் சுவரோடு அடுக்கியிருந்தன. அவற்றை நகர்த்தியதும் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு மண்பூச்சு, பழசும் புதுசுமாக. விறகை அன்றைக்கே முற்றத்துக்கு மாற்றினார். அவர் பக்கம் தறி கிடையாது, ஆகவே துளையிடலாம். சுவர் 20 அடி; 20 துளை, 42 மில்லி மருந்து. மிச்சம் வைத்த 185 மில்லி பாட்டில் பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்கிறது. சுவர் காய்ந்ததும், கோடை மழைக்கு முன்னால், டிரில் வாடகையைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம்.